ஊறல் குடிசை

மாரியப்பனுக்கு முதலில் போனது கண்.

"இன்னும் விடியலயா, விளக்க ஏத்தேன்" என்று அவன் கேட்டபோது, கூரைப் பொத்தல் வழியாக வெயில் அவன் மார்பின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. விளையாடுகிறான் என்று நினைத்து அவன் பெண்சாதி குப்பாயி சிரித்தாள். அவன் கை தரையைத் துழாவித் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டபோதுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. உச்சிவேளைக்கு வலிப்பு கண்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் படகில் ஏற்றினார்கள். படகு ஏரியைத் தாண்டுவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்னக் குப்பத்தில் அன்று ஐந்து பிணம் விழுந்தது. கனகாம்பாளுக்குப் புருஷனும் போனான், தோளுக்கு மேல் வளர்ந்த மகனும் போனான்.

எல்லாம் முந்தின நாள் கல்யாணத்தில் குடித்த சாராயம். மதுவிலக்கு திரும்பி வந்திருந்த காலம் அது. கடையை மூடினார்களே தவிர யார் வாயையும் மூடவில்லை. கல்யாணமோ கருமாதியோ, மாரியப்பனின் தம்பி குப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாதர்பாக்கம் பக்கம் போவான். மலையடிக்கு ஆள் வந்து கொடுக்கும் சரக்கை லாரி டியூபில் நிரப்பி, மேலே சாக்கைப் போர்த்திக் கொண்டுவந்து இறக்குவான்.

குப்பாயி வாக்கப்பட்டு வந்தபோது குப்பன் அரைஞாண் கயிறோடு ஓடித் திரிந்தவன். தாய் இல்லாதவன். அவளுக்கும் வயிறு திறக்கவில்லை. சோறு ஊட்டியது, சொறிக்கு வேப்பிலை அரைத்துப் பூசியது, முதல் மீசைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது எல்லாம் அவள்தான். அண்ணன் பிணத்தின் மேல் விழுந்து அவன் அழுத அழுகையைப் பார்த்து, விசாரணைக்கு வந்த போலீஸ்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"துளசிராமன் அண்ணி. மலமேல குடிசை போட்டுக் காய்ச்சறானே, அவன்தான். இன்னாத்தையோ கலந்துட்டான்" என்றான் குப்பன், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

போலீஸ் அவனைக் கூட்டிப்போய் வைத்திருந்து விட்டுவிட்டது. பிறகு கும்மிடிப்பூண்டியில் ஏதோ கம்பெனி வேலை என்று அவன் போய்விட்டான். மலைக்கு மட்டும் எந்தப் போலீசும் போகவில்லை. கருமாதி முடிந்ததும் குப்பாயி மீன் அறுக்கும் கத்தியைச் சாணையில் தீட்டி, துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள், இல்லாவிட்டால் கூட வருவார்கள். இரண்டும் அவளுக்கு வேண்டாம்.

மாதர்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது விறகுக்காரிகள் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் கெங்கம்மாள். வேலை தேடி வந்ததாகக் குப்பாயி சொன்னதும் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"துளசிராமன் குடிசைக்கு சோறாக்க ஆளு கேட்டுக்கினு கீறாங்க. இருந்தவ ஓடிட்டா."

"ஏன் ஓடினா?"

"போய்ப் பாரேன். கால் இருந்தா நீயும் ஓடுவ."

விறகு பொறுக்கும் இடம்வரைக்கும் நல்ல தடம் இருந்தது. அதற்கு மேல் ஆட்டுத் தடம். சூரை முள்ளும் காரை முள்ளும் இரண்டு பக்கமும் புடவையைப் பிடித்து இழுத்தன. பிறகு அந்தத் தடமும் ஒரு ஓடைக்குள் இறங்கி மறைந்துபோனது. "தண்ணியிலயே நட. கரமேல கால் வெச்சா அடி தெரியும்னு அவனுக்குக் கோவம் வரும்" என்று சொல்லிவிட்டுக் கெங்கம்மாள் திரும்பிவிட்டாள். கணுக்கால் தண்ணீரில், பாசி படிந்த கல்லின் மேல் குப்பாயி தனியாக ஏறினாள். ஏரியின் சேற்றில் பழகிய கால் அது. கல்லில் வழுக்கி முட்டி சிராய்ந்தது. புளித்த வெல்லத்தின் நாற்றம் முதலில் வந்தது, பிறகு புகை, கடைசியில் குடிசை.

எந்தக் காலத்திலோ வேட்டைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட கல் சுவர் அது. கூரை என்றைக்கோ விழுந்து, இப்போது மேலே பனையோலை வேய்ந்திருந்தார்கள். சன்னல் கிடையாது. வாசல் ஒன்று, அதுவும் குனிந்து நுழைகிற மாதிரி. உள்ளே ஒரு மூலையில் சமையல் அடுப்பு, எதிர் மூலையில் காய்ச்சுகிற அண்டா. பின்பக்கம் மண்ணில் கழுத்துவரை புதைத்த பானைகளில் வெல்லமும் வேலம்பட்டையும் ஊறி நுரைத்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் மலைதான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது.

துளசிராமன் ஒல்லியான ஆள். ஐம்பது வயதிருக்கும். அந்தக் கரியிலும் புகையிலும் அவன் பனியன் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"எந்த ஊரும்மா?"

"கவரப்பேட்டையாண்ட, ஆரணிப் பக்கம்."

"பேரு?"

"முத்தம்மா."

"புருசன்?"

"செத்துட்டான்."

"எப்டி?"

"குடிச்சி."

"குடிச்சி சாவறவன் குடிக்காமயும் சாவான். போ, அடுப்பப் பாரு" என்றான்.

அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அண்டாவுக்குத் தீ போடுகிறவன் சாலமோன், மலை மாதிரி உடம்பு, பேச்சு அதிகம் இல்லை. பட்டை இடிப்பதும் சரக்கை அடிவாரத்துக்குச் சுமப்பதும் அப்பாவு. அவனுக்கு வாயும் நீளம், பார்வையும் நீளம். குப்பாயி குளிக்க ஓடைக்குப் போனால் அவனுக்கும் அங்கே ஏதாவது வேலை இருக்கும். ஒரு தடவை கிட்டே வந்து தோளில் கை வைத்தான். அவள் கத்தியை உருவவில்லை. ஓடைக் கல்லை எடுத்து அவன் வாயில் அடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் சிந்தியதைத் துளசிராமன் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தில் அவரவர் காயம் அவரவருக்கு.

அவள் சோறாக்கினாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள், ராகி களி கிண்டினாள். துளசிராமன் எப்போது தூங்குகிறான், எந்தப் பக்கம் தலை வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டாள். அவன் சுவரில் கொடுவாள் ஒன்று மாட்டியிருந்தான். அதன் கைப்பிடி எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. முன்பு இருந்தவள் ஏன் ஓடினாள் என்பது அவளுக்கு ஒரு காலைப்பொழுதில் தெரிந்தது.

அப்பாவு டியூபை நிரப்பும்போது கொஞ்சம் சரக்கைக் கொட்டிவிட்டான். பயந்துபோய், கொட்டின அளவுக்கு ஓடைத் தண்ணீரை ஊற்றிக் கட்டிவிட்டான். துளசிராமன் ஒவ்வொரு டியூபாக அவிழ்த்து நாக்கில் விட்டுப் பார்ப்பவன். அந்த டியூபின் சரக்கு நாக்கில் பட்டதும் துப்பினான். ஒரு கரண்டியில் கொஞ்சம் பிடித்துக் குடிசையின் இருட்டுக்குள் கொண்டுபோய்த் தீக்குச்சியைக் காட்டினான். நீலமாகப் பிடித்திருக்க வேண்டிய நெருப்பு சிணுங்கி அணைந்தது.

"யாரு?"

அப்பாவுவின் கண் போன இடத்தைப் பார்த்தே அவன் தெரிந்துகொண்டான்.

"கைய வையி."

"அண்ணே, தெரியாம..."

"வையின்னேன்."

அப்பாவு பட்டை இடிக்கிற கல்லின் மேல் வலது கையை விரித்து வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை. துளசிராமன் உலக்கையை எடுத்தான். ஓங்கி ஒன்றும் இடிக்கவில்லை. பட்டையை இடிக்கிற அதே வேகம்தான். விரல் எலும்பு நொறுங்கிய சத்தம், காய்ந்த சுள்ளியை மிதித்த மாதிரி இருந்தது. அப்பாவு கத்தியது அந்த மலையில் இரண்டு தடவை கேட்டது.

"என் சரக்குல தண்ணி. பத்து வருசமா காய்ச்சறேன். என் சரக்க குடிச்சவன் எவனாவது காலையில தல வலிக்குதுன்னு சொல்லியிருக்கானா? ஏம்மா, இவனுக்குக் கட்டுப் போடு."

குப்பாயி பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினாள். அந்தக் கையைப் பிடித்தபோது அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"ஏரிக்கரையில அஞ்சி பேரு செத்தாங்களாமே" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அவன் வந்ததே தெரியவில்லை. அறை விழுந்ததும் அவள் சுவரில் மோதிக் கீழே விழுந்தாள். காதுக்குள் வண்டு பறந்தது. "அந்தப் பேச்ச இன்னொரு வாட்டி எடுத்தா, அடி கன்னத்துல விழாது, கழுத்துல விழும்" என்றான் துளசிராமன். அவன் குரலில் கோபத்தைத் தவிர வேறு ஏதோ இருந்தது. குப்பாயி அதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டாள். குற்றம் உள்ளவனுக்குத்தானே இப்படிச் சுடும்.

மறுநாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு நேராகப் பாயைப் போட்டு மல்லாந்து தூங்கினான். அப்பாவு வலியில் முனகிக்கொண்டு வெளியே மரத்தடியில் கிடந்தான். குப்பாயி கத்தியை எடுத்தாள். துளசிராமனின் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அருகில் போய்க் குந்தினாள். எத்தனையோ மீனின் செவுளுக்குக் கீழே இறக்கிய கை. இது மட்டும் என்ன. கையை உயர்த்தியபோதுதான் அண்டாவின் நிழலில் சாலமோன் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை, சத்தமும் போடவில்லை.

"வெளியில வா" என்றான் மெதுவாக.

அவள் போனாள். ஏன் போனாள் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை.

ஓடைக்கரையில் நின்று சாலமோன் சொன்னான்: "நீ ஆரணிக்காரி இல்ல. ஆரணிக்காரி கருவாட்ட அப்டிக் கிள்ள மாட்டா. வந்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சி ஏன் சொல்லல?"

"கேக்கல, சொல்லல." அவன் தண்ணீரைப் பார்த்தான். "அன்னிக்கு எறக்கன சரக்குதான் ஆரணிக்கும் போச்சி, கவரப்பேட்டைக்கும் போச்சி. நானும் குடிச்சேன். எவனும் சாவல. ஏரிக்கரையில மட்டும் செத்தாங்க. மலயில ஒன்னும் ஆவல. வழியில ஆயிருக்கு."

"நீ அவன் ஆளு. அப்டித்தான் சொல்லுவ."

"அவன் ஆளுதான். நல்லவன்னு சொன்னனா? ஆள அடிச்சிக் கொல்லுவான், வெசம் வெச்சிக் கொல்ல மாட்டான். உன்ன அடிச்சானே, எதுக்கு? அவன் பேரு கெட்டுப்போச்சின்னு. எடுத்துக்கினு போனவனத் தேடிக்கினு கீறோம். கெடச்சிட்டான். நாளைக்கு இட்டுக்கினு வரோம்."

எடுத்துக்கொண்டு போனவன். குப்பாயிக்கு ஓடைத் தண்ணீர் சட்டென்று ஐஸாகிவிட்ட மாதிரி இருந்தது. குப்பனாக இருக்காது என்று நினைத்தாள். அப்படியே இருந்தாலும் அவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, யாராவது அவனை ஏமாற்றியிருப்பார்கள் என்று நினைத்தாள். ஓடிப்போய் அவனை எச்சரிக்க வேண்டும் என்றும் நினைத்தாள். ஆனால் அன்று முழுக்கத் துளசிராமன் அவளை வாசலைத் தாண்டவிடவில்லை. அவள் முகத்தில் அவன் என்னத்தைக் கண்டானோ.

மறுநாள் உலை கொதிக்கிற நேரத்தில் கொண்டுவந்தார்கள். சாலமோன் ஒரு கையால் அவன் பிடரியைப் பிடித்திருந்தான். அப்பாவு கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தான். குப்பனின் கை பின்னால் கட்டியிருந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. ஓடைத் தண்ணீர் சட்டையிலிருந்து ரத்தத்தோடு சொட்டியது. குப்பாயி முந்தானையை முகத்தின் மேல் இழுத்துவிட்டுப் புகைக்குப் பின்னால் அடுப்போடு அடுப்பாகக் குனிந்துகொண்டாள்.

துளசிராமன் அவனை முட்டி போடவைத்தான். அவன் முன்னால் உலக்கையை ஊன்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தான்.

"என்கிட்டயிருந்து நல்ல சரக்கு வாங்கினு போன. ஏரிக்கரைக்குப் போறப்ப அது வெசமாப் போச்சி. எப்டி நைனா?"

"எனக்குத் தெரியாது."

உலக்கை முட்டியில் இறங்கியது. குப்பன் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். சாலமோன் தூக்கி நிறுத்தினான். அந்த முட்டி இனி மடங்காது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"இன்னொரு முட்டி கீது. தெரியுமா, தெரியாதா?"

குப்பன் சொல்லிவிட்டான். சொல்லச் சொல்ல எச்சிலும் ரத்தமும் வழிந்தது. ரயில்வே கேட்டாண்ட டியூபு வெடித்துவிட்டது. பாதிச் சரக்கு ரோட்டோடு போய்விட்டது. கல்யாண ஊடு, ஜனம் காத்திருக்கும், பாதியைக் கொண்டுபோனால் அண்ணன் எல்லார் முன்னாலும் திட்டுவான். பக்கத்தில் ஒரு வார்னிஷ் கம்பெனி. அங்கே வாட்ச்மேன் தெரிந்தவன். "ஒரு டின்னு ஸ்பிரிட்டு குடுத்தான். லாரிக்காரங்கல்லாம் குடிக்கிறாங்க, ஒன்னும் ஆவாது, கலந்துக்கோன்னான். கலந்துட்டேன். எனக்கு இன்னா தெரியும்? எனக்கு இன்னா தெரியும் நைனா?"

"இப்ப நீ வேல செய்யறது?"

குப்பன் வழிந்த ரத்தத்தைத் தோளில் துடைத்தான்.

"அந்தக் கம்பெனியிலதான் புடிச்சோம்" என்றான் அப்பாவு. "டின்னு கழுவிக்கினு இருந்தான்."

துளசிராமன் சிரித்தான். "அஞ்சி பேரக் கொன்னுட்டு அங்கியே வேலைக்குச் சேந்துட்டியா. என் பேரச் சொல்லி அழுதுட்டு."

குப்பாயிக்குத் தான் எழுந்தது தெரியாது. முந்தானை நழுவிவிட்டதும் தெரியாது. குப்பனின் திறந்திருந்த ஒரு கண் அவளைப் பார்த்தது.

"அண்ணி" என்றான்.

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. துளசிராமன் திரும்பி அவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். மெல்லத் தலையாட்டினான்.

"அப்போ நீ என்ன அறுக்க வந்தவ."

அவன் எழுந்து சுவரிலிருந்து கொடுவாளை எடுத்தான். கைப்பிடியை அவள் பக்கம் நீட்டினான். "உன் புருசன் ரத்தம். உனக்குத்தான் மொத பாத்தியத. ஒரே வெட்டு வெட்டிடு. நான் பண்ணா அவ்ளோ சீக்கிரம் முடிக்க மாட்டேன்."

குப்பாயி வாங்கினாள். கனமாக இருந்தது. குப்பனின் எதிரில் போய் நின்றாள்.

"தெரியாம கலந்த. சரி. அவங்க செத்தப்பறம் தெரிஞ்சிச்சில்ல?"

"தெரிஞ்சிச்சி."

"உங்கண்ணன் மேல விழுந்து அழுதியே, அப்பவே தெரியும்?"

"தெரியும் அண்ணி."

"ஏன்டா இந்தாளு பேரச் சொன்ன? நான் இங்க வந்து செத்திருந்தா?"

"நீ என் மூஞ்சியப் பாக்க மாட்டியேன்னுதான் அண்ணி."

அவள் கொடுவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அவன் வாயில் அடித்தாள். பல் உடைந்து தெறித்தது. இன்னொரு தடவை அடித்தாள், தாடையில். மூன்றாவது அடிக்கு அவன் சாய்ந்தான். அவள் நிறுத்தவில்லை. தோளில், முதுகில், விலாவில். ஒவ்வொரு அடிக்கும் அவளிடமிருந்து ஒரு முனகல் வந்தது, சுமை தூக்குகிறவள் முனகுகிற மாதிரி. கடைசியில் கொடுவாளின் வாயைக் கீழே திருப்பினாள். அவன் கழுத்து அவளுக்கு முன்னால் கிடந்தது. அந்தக் கழுத்தில் அழுக்குத் தேய்த்தவள் அவள்தான்.

கை இறங்கவில்லை.

"இவன் குப்பத்துக்கு வரணும்" என்றாள் மூச்சிரைக்க. "கனகாம்பா முன்னால நின்னு, என்கிட்ட சொன்னத அங்க சொல்லணும். அப்பறம் இன்னா ஆனாலும் ஆவட்டும்."

"குப்பத்துக்குப் போனவன் ஸ்டேசனுக்கும் போவான். ஸ்டேசனுக்குப் போனவன் இந்த ஓடையக் காட்டுவான். நீயும் காட்டுவ." துளசிராமன் அவள் கையிலிருந்து கொடுவாளைப் பிடுங்கினான். குழந்தையிடமிருந்து கிலுகிலுப்பையை வாங்குகிற மாதிரிச் சுலபமாகப் பிடுங்கினான். "ரெண்டு பேரும் போவப்போறதில்ல. சாலமோனு, வாசல்ல நில்லு."

அவன் குனிந்து குப்பனின் மயிரைப் பற்றிக் கழுத்தை இழுத்து நீட்டினான்.

குப்பாயி திரும்பி அடுப்பிலிருந்த பானையை வெறுங்கையால் தூக்கினாள். தளதளவென்று கொதித்த சோறும் கஞ்சியுமாக அப்படியே அவன் முகத்திலும் மார்பிலும் வீசினாள். பானை அவன் நெற்றியில் பட்டு உடைந்தது. அவன் போட்ட அலறல் மனிதக் குரலாக இல்லை. கஞ்சி ஒட்டிக்கொள்கிற வஸ்து. வழித்தெறிந்த கையோடு தோலும் வந்தது. அவன் கண் தெரியாமல் சுழன்று கொடுவாளை நாலாபக்கமும் வீசினான். ஒரு வீச்சு அப்பாவுவின் தொடையைக் கிழித்தது. அப்பாவு பின்வாங்கி, இறக்கி வைத்திருந்த சாராய டின்னின் மேல் விழுந்தான். டின் கவிழ்ந்து, சரக்கு தரையோடு ஓடி அண்டாவின் அடியிலிருந்த நெருப்பை எட்டியது. குடிசைக்குள் நெருப்பு ஒரு மூச்சில் எழுந்தது. பனையோலை படபடவென்று பிடித்தது. அப்பாவு நொண்டிக்கொண்டு சாலமோனை இடித்துத் தள்ளி வெளியே ஓடிவிட்டான்.

குப்பாயி குப்பனின் அக்குளில் கை கொடுத்துத் தரையோடு இழுத்தாள். வாசலை அடைத்துக்கொண்டு சாலமோன் நின்றான். அவன் கை நீட்டினால் போதும், இரண்டு பேரையும் திரும்ப நெருப்புக்குள் தள்ளிவிடலாம். உள்ளே துளசிராமன் "சாலமோனு, சாலமோனு" என்று கத்திக்கொண்டு சுவரில் மோதிக்கொண்டிருந்தான்.

"வழி விடு" என்றாள் குப்பாயி.

சாலமோன் அவளைப் பார்க்காமல் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே குனிந்து போனான். அவள் ஓடைக்குள் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது, துளசிராமனைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் புகைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தான். அவன் தலைமயிர் கருகியிருந்தது. அவன் மலையின் மறுபக்கம், மேட்டில் ஏறிப் போனான்.

இறங்குகிற வழி ஏறின வழியைவிடக் கொடியது. கத்தியால் குப்பனின் கைக்கட்டை அறுத்துவிட்டிருந்தாள். ஒற்றைக் காலில் அவளைத் தழுவிக்கொண்டு தத்தித் தத்தி வந்தான். வழுக்கின இடத்திலெல்லாம் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். அவளுடைய உள்ளங்கை இரண்டும் வெந்து கொப்புளித்து, தண்ணீரில் நனைந்து தோல் உரிந்து தொங்கியது. பிடித்த இடத்திலெல்லாம் அவன் சட்டையில் அது ஒட்டிக்கொண்டது.

ஓடை முடிந்து தடம் பிரிகிற இடத்தில் குப்பன் நின்றான். ஒன்று மாதர்பாக்கத்துக்கு. இன்னொன்று சத்தியவேட்டுக்கு, ஆந்திராவுக்கு.

"என்ன விட்டுடு அண்ணி" என்றான், பல் இல்லாத வாயால். "அந்தப் பக்கம் போயி எங்கியாவது பொழச்சிக்கறேன். செத்துட்டேன்னு சொல்லிடு."

விட்டிருக்கலாம். வாழ்நாள் பூராவும் அவள் அந்த இடத்தை நினைத்தாள். கை எரிந்தது, உடம்பு ஓய்ந்திருந்தது, அவன் அவள் வளர்த்த பிள்ளை.

"நட" என்றாள்.

கெங்கம்மாள்தான் வழியில் அவர்களைப் பார்த்து, விறகு ஏற்றப் போன மாட்டுவண்டியைத் திருப்பிவிட்டாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. மலை உச்சியில் புகை எழும்பியதை அவளும் பார்த்திருந்தாள். மறுநாள் வெயில் ஏறினபோது குப்பத்தில் இறங்கினார்கள். வலை காயப்போட்டிருந்த மணலில் குப்பனை உட்காரவைத்துவிட்டுக் குப்பாயி ஒவ்வொரு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். தாலியறுத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். கனகாம்பாள் கடைசியாக வந்தாள்.

குப்பன் சொன்னான். டியூபு வெடித்ததிலிருந்து டின் கழுவினது வரைக்கும், ஒன்றும் விடவில்லை. அழவுமில்லை.

கனகாம்பாள் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "அன்னிக்கு எல்லாரும் குடிச்சாங்களே. நீ குடிச்சியா?"

குப்பன் நிமிர்ந்து பார்த்தான். பொய் சொல்லியிருந்தால்கூட அவனை யாரும் குறுக்குக் கேள்வி கேட்டிருக்க முடியாது.

"இல்லக்கா."

கனகாம்பாள் படகு தள்ளுகிற கழியை எடுத்தாள். அவள் அடித்த முதல் அடியில் அவன் தோள்பட்டை இறங்கிவிட்டது. பிறகு எல்லாரும் அடித்தார்கள். கழி இல்லாதவர்கள் கையால், காலால், வலையின் ஈயக்குண்டால். ஆண்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் பெண்களைப் பிடித்து இழுக்கவில்லை. குப்பாயியும் நின்றாள். இதற்குத்தான் கொண்டுவந்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மணல் சிவந்தது. அவன் கை எடுத்துக் கும்பிடவில்லை, கத்தவுமில்லை. அவள் நின்ற பக்கம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை அவள் அப்படியே நின்றிருப்பாள். பார்க்கவில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் போய் அவன் மேல் விழுந்து படுத்துக்கொண்டாள். நிற்காமல் வந்த கழி அவள் முதுகில் இரண்டு மூன்று தடவை விழுந்தது. ஒரு விலா முறிந்தது. "எந்திரி குப்பாயி, எந்திரிடி" என்று கனகாம்பாள் அவளைப் பிடித்து இழுத்தாள். அவள் எழவில்லை. அப்புறம் கனகாம்பாள் கழியைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். புருஷனும் மகனும் செத்த நாளன்றுகூட அழாதவள், அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். மற்றவர்களும் அங்கங்கே உட்கார்ந்துவிட்டார்கள்.

குப்பன் சாகவில்லை. பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்து, கோர்ட்டுக்குத் தூக்கிச் செல்லப்பட்டு, ஜெயிலுக்குப் போனான். டின் கொடுத்த வாட்ச்மேன் ஊரைவிட்டே ஓடிவிட்டான். துளசிராமன் மேல் கஞ்சியை வீசினது தான்தான் என்று குப்பாயி ஸ்டேஷனில் தானாகவே சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். ஆனால் ஓடைவழியாகப் போலீஸ் மேலே போனபோது கருகின கல் சுவரும் உடைந்த பானைகளும்தான் இருந்தன. புகார் சொல்ல ஆளே வரவில்லை. துளசிராமன் சத்தியவேட்டு ஆஸ்பத்திரி வாசலில் செத்தான் என்று ஒரு பேச்சு. முகத்தில் துணி கட்டிக்கொண்டு நாயுடுபேட்டைப் பக்கம் காய்ச்சுகிறான் என்று இன்னொரு பேச்சு. சாலமோனை அதற்குப் பிறகு பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

குப்பாயி ஒரே ஒரு தடவை ஜெயிலுக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் கழியூன்றி நின்ற குப்பன், "சாப்ட்டியா அண்ணி" என்று கேட்டான். கொண்டுபோன வறுத்த இறாலை வார்டரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். விடுதலையானபின் அவன் குப்பத்துக்கு வரவில்லை. அவளும் தேடவில்லை.

உள்ளங்கை இரண்டும் ஆறினபோது தோல் இறுகி விரல் பாதிக்கு மேல் மடங்கவில்லை. கத்தி பிடிக்க வரவில்லை, வலை இழுக்க வரவில்லை. கொஞ்ச நாள் பட்டினியாகத்தான் கிடந்தாள். ஒரு விடியற்காலை கனகாம்பாள் வந்து வாசலில் நின்றாள். இரண்டு பேருக்கும் இடையில் அதுவரைக்கும் பேச்சில்லை.

"கூடையத் தலையில தூக்கி வெச்சா நடப்பியா?" என்றாள் கனகாம்பாள்.

"நடப்பேன்."

"வா அப்போ. ஆரணி சந்தைக்கு எறா போவுது."

குப்பாயி முந்தானையைத் தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு குனிந்து கொடுத்தாள். கனகாம்பாள் கூடையைத் தூக்கி வைத்தாள். ஈரம் நெற்றியில் வழிய, முன்னே அவளும் பின்னே இவளுமாக இருவரும் கரையோரம் நடந்தார்கள்.